மறுசோதனை

என்னிடம் ஒன்பது பழைய துப்பாக்கிகள் இருந்தன. ஒன்றும் சுடாது. சுடக்கூடாது என்பதுதான் சேகரிப்பாளர் உரிமத்தின் முதல் விதி. ஒவ்வொன்றிலிருந்தும் போல்ட்டைக் கழற்றி, துப்பாக்கியை ஒரு இரும்புப் பெட்டியிலும் போல்ட்டை இன்னொரு பெட்டியிலும் பூட்டி வைக்க வேண்டும். தோட்டாவை உள்ளே தள்ளி வெடிக்கவைப்பது அந்தப் போல்ட்தான். அது இல்லாத துப்பாக்கியும் விறகுக் கட்டையும் ஒன்று. வருடத்துக்கு ஒருமுறை போலீஸ் வீட்டுக்கு வந்து எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும். மற்ற சேகரிப்பாளர்கள் அந்த நாளைத் திட்டுவார்கள். நான் அந்த நாளை நம்பித்தான் மற்ற நாட்களை ஓட்டினேன்.

டரிங்கல் ஊரிலிருந்து என் வீடு நாற்பது கிலோமீட்டர். நடுவில் கோதுமையும் ஈயும் தவிர வேறு ஜீவன் கிடையாது. என் மனைவி நோரீன் இறந்து ஆறு வருடமாகிறது. மகள் பெர்த்தில். கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வாள், பேச்சின் நடுவே வேறு யாரிடமாவது "இதோ வர்றேன்" என்பாள்.

நோரீன் போன வருடம் சோதனைக்கு வந்தவர் சார்ஜென்ட் லெஸ் டாரன்ட். பெட்டியைத் தரையோடு பிணைக்கும் திருகு ஒன்று ஆடியது. நிஜமாகவே எனக்குத் தெரியாது.

"யோவ் பெருசு, பழம் தின்னு கொட்டை போட்ட ஆளு நீ. ஒரு திருகை முடுக்கத் தெரியலையா? எழுதத்தான் வேணும். ரெண்டு வாரத்துல திரும்ப வருவேன்."

"வந்து தொலை. யாரு வேணாம்னா?"

வந்தார். திருகை அரை நிமிடம் பார்த்தார். அப்புறம் இரண்டரை மணி நேரம் என் சமையலறையில் உட்கார்ந்து பழக் கேக்கில் பாதியைக் காலி செய்தார். தன் இடுப்பு வலி, ஓடிப்போன பெண்டாட்டி, ஃபுட்பால் நடுவர்களின் கண் பார்வை எல்லாவற்றையும் கொட்டினார். அவர் போன பிறகு, அவர் குடித்த கோப்பையைக் கழுவ மனமில்லாமல் மேசையிலேயே விட்டு வைத்தேன்.

அடுத்த வருடம் திருகை நானே தளர்த்தினேன். சொல்ல வெட்கமில்லை. அதற்கடுத்த வருடம் பதிவேட்டில் ஒரு எண்ணை விட்டுவிட்டேன். இப்படி ஐந்து வருடம். ஒவ்வொரு வருடமும் ஒரு குற்றம், ஒரு மறுசோதனை, ஒரு கேக்.

இந்த வருடம் லெஸ் ஓய்வு பெற்றுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். புதிதாக வருகிறவள் கான்ஸ்டபிள் கர்ஸ்டி வான் ரீன் என்று கடிதம் வந்தது. எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. இளம் வயது, அவசரமான பெண்ணாக இருப்பாள். திருகு ஆடினால் அவளே முடுக்கிவிட்டுப் போய்விட்டால்? எழுதியே தீர வேண்டிய குற்றமாக ஒன்று வேண்டும். யோசித்து யோசித்து, 1916ஆம் வருடத்துப் பட்டாளத் துப்பாக்கியில் போல்ட்டை மாட்டி வைத்தேன். வீட்டில் ஒரு தோட்டாகூடக் கிடையாது. அதனால் பெரிய தப்பாகத் தோன்றவில்லை. எண்பத்திரண்டு வயதில் அவ்வளவுதான் புத்தி.

பத்து மணிக்கு வந்தாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாவது துப்பாக்கியிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"மிஸ்டர் பாஸ்கோ, இதுல போல்ட் இருக்கு."

"அடடா!" என்றேன். முந்தின நாளே சொல்லிப் பார்த்துவைத்த அடடா. "எழுதிக்கோம்மா. ரெண்டு வாரம் கழிச்சு வந்து பாரு. இப்ப டீ போடறேன், கேக்கும் இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "திருகு, பதிவேடுன்னா எழுதிட்டுப் போயிடலாம். இது அப்படி இல்ல. ஒம்பதையும் எடுத்துட்டுப் போகணும். எப்படி இது உள்ள வந்துச்சு?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'நீ இன்னொரு தடவை வரணும்னுதான் மாட்டினேன்' என்று ஒரு வரி. பேத்தி வயதுப் பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது?

"வயசாச்சில்லம்மா," என்றேன். "மறந்துபோச்சு."

அதையும் எழுதிக்கொண்டாள்.

நோரீனின் கம்பளிகளை எடுத்து வந்து கொடுத்தேன், துப்பாக்கிகளைச் சுற்றிக்கொள்ள. ஒன்றின் கட்டையில் கத்தியால் கீறிய பெயரைப் பார்த்து "இது யாரு?" என்று கேட்டாள். அந்தக் கதையை ஆரம்பித்தேன். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் லெஸ்ஸுக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டுக் கத்தினார்.

"சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டியேய்யா! திருகு போதாதா உனக்கு?"

"உனக்குத் தெரியுமா?"

"ஒரு வருஷம் திருகுல புதுசா ஸ்க்ரூடிரைவர் கீறல், ஒரு வருஷம் பதிவேட்டுல ஒரு எண் காணோம். நான் என்ன குருடனா?"

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நிறுத்திடுவியே," என்றார். அப்புறம், "யோவ், வாடான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா மாசா மாசம் வந்திருப்பேன். நீ கூப்பிடல. நானும் கேக்கல. நாம ரெண்டு பேரும் கடைஞ்செடுத்த முட்டாளுங்க."

இப்போது அவர் தொள்ளாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார், அந்த இடுப்போடு.

இரண்டு வாரம் கழித்து கர்ஸ்டி வந்தாள். நான் ஆசைப்பட்ட அதே இரண்டு வாரம். உள்ளே வரவில்லை. காரின் முன்பக்கத்தில் காகிதத்தை விரித்துக் கையெழுத்து வாங்கினாள். உரிமம் ரத்து. காரணம் என்ற இடத்தில் ஞாபகமறதி என்று போட்டிருந்தது. துப்பாக்கிகள் போனதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. அவள் பேனாவை மூடிப் பையில் போட்டதுதான் வலித்தது. எனக்குப் பயமாக இருந்தது. இந்தக் கார் போனால் அடுத்தது என்று எதுவும் இல்லை.

இந்தத் தடவையாவது வாயைத் திறந்து கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். கேட்டேன்.

"அடுத்த வருஷமும் வாம்மா. எப்ப வேணாலும் வா. கேக் செஞ்சு வெக்கிறேன்."

அவள் முகம் மாறியது. காரைச் சுற்றி என் அருகில் வந்து, கையைப் பிடித்துக்கொண்டாள். காது கேளாதவரிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"மிஸ்டர் பாஸ்கோ, உங்க துப்பாக்கி எல்லாத்தையும் நான் எடுத்துட்டுப் போயிட்டேன். இனிமே நான் வரவேண்டியதில்ல. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா," என்றேன்.