மூன்றாவது சரணம்

அவளுக்குப் பெயர் என்று ஒன்று வைத்தது பள்ளிக்கூடப் பதிவேட்டுக்குத்தான். வீட்டில் எப்போதும் வண்டு. வாய் மூடியிருக்கும்போதும் தொண்டைக்குள் ஏதாவது ஒரு மெட்டு ஓடிக்கொண்டே இருந்ததால், ஐந்து வயதில் அக்கா வைத்த பெயர் அது. முப்பத்தாறு வயதாகியும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. வேலை கண்ணாடிக்கடையில். கடைக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடிச் சட்டத்துக்குப் பொருந்தும்படி லென்ஸைத் தேய்த்துக் கொடுப்பாள். பாட்டு வீட்டில். படுக்கையறைத் துணி அலமாரிதான் அவளுடைய ஸ்டூடியோ. நடுத்தட்டைக் கழற்றிவிட்டு, கம்பளிகளுக்கும் கணவனின் சட்டைகளுக்கும் இடையில் மைக்கைத் தொங்கவிட்டிருந்தாள். பதிவு செய்யும்போது மின்விசிறி ஓடக்கூடாது, ஃபிரிட்ஜ் உறுமக்கூடாது, யாரும் தும்மக்கூடாது. கணவன் ஒருமுறை தும்மிய தும்மல் ஒரு பாட்டில் அப்படியே இருக்கிறது. தாளத்தில் விழுந்ததால் விட்டுவிட்டாள்.

இப்படிப் பதினோரு பாட்டு செய்து இணையத்தில் போட்டிருந்தாள். பத்துப் பாட்டை உறவுக்காரர்கள் கேட்டார்கள், அதுவும் அவள் கேட்டீர்களா என்று கேட்ட பிறகு. பதினோராவது மட்டும் எப்படியோ கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் போய்விட்டது. ‘வாசல்வரை’ என்று பெயர். பேருந்தில் முன் இருக்கைப் பெண் அதைக் கேட்டுக்கொண்டு வந்ததை வண்டுவே ஒருநாள் பார்த்தாள். அதற்கப்புறம்தான் வானொலி நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, நேரடி ஒலிபரப்பில், அவளுடைய பாட்டுகள் எப்படிப் பிறந்தன என்று சொல்லவேண்டும்.

செய்தி பரவிய அன்றே அக்கா மூன்று தடவை போன் செய்துவிட்டாள்.

“அந்தப் பாட்டு எப்படி வந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்லுவே?”

“ஏதாவது சொல்லிக்கறேன்க்கா.”

“உனக்குப் பொய் சொல்ல வராது வண்டு. வாய் ஒண்ணு சொல்லும், மூஞ்சி ஒண்ணு சொல்லும்.”

“ரேடியோல மூஞ்சி தெரியாது.”

அக்கா சிரிக்கவில்லை. அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் அவள் வண்டுவுக்குப் போன் செய்து, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னவைதான் அந்தப் பாட்டு. “பையெல்லாம் கட்டிட்டேன்டி. செருப்பு வரைக்கும் போட்டுட்டேன். அப்புறம் அடுப்புல பால் வெச்சது ஞாபகம் வந்துச்சு. பொங்கிடுமேன்னு திரும்பி ஓடினேன். அணைச்சேன். அப்புறம் போக முடியல.”

அத்தான் குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவரும் இல்லை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஊரில் பாதிப்பேர் அவரிடம் கார் ஓட்டப் பழகியவர்கள். வீட்டுக்கு வந்தாலும் ஆசிரியர் வேலையை அவரால் கழற்றி வைக்க முடியாது. கதவை இப்படி மூடு, தீயை இந்த அளவுக்கு வை, போனில் இவ்வளவு சத்தமாகப் பேசாதே. “வீட்லயும் அவரு கால் பிரேக்கு மேலயே இருக்கு. பதினாறு வருஷமா நான் டெஸ்ட் குடுத்துக்கிட்டே இருக்கேன், இன்னும் பாஸ் ஆகல” என்று அன்றைக்கு அக்கா அழுகைக்கு நடுவில் சொன்னாள். இரண்டு நாள் கழித்து, நான் சொன்னதெல்லாம் மறந்துவிடு என்றாள். வண்டுவால் மறக்க முடியவில்லை. அலமாரிக்குள் போய் இரண்டு சரணத்தோடு வெளியே வந்தாள். அக்காவிடம் கேட்டுத்தான் பாடினாள். பத்துப் பாட்டு வீட்டைத் தாண்டாத நிலையில் பதினோராவது தாண்டும் என்று இருவருமே நினைக்கவில்லை.

கொடுமை என்னவென்றால் அத்தானுக்கு அந்தப் பாட்டு உயிர். பழக வருகிறவர்களுக்கெல்லாம் காரில் அதைப் போட்டுக் காட்டி, என் மச்சினி பாடினது என்று பெருமையடித்துக்கொள்வார்.

சனிக்கிழமை, கணவன் அழைத்துப் போவதாகத்தான் ஏற்பாடு. அவன் லிஃப்ட் மெக்கானிக். காலையிலேயே ஒரு பத்துமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதென்று கூப்பிட்டுவிட்டார்கள். மோட்டார் அறையில் எல்லாரும் சேர்ந்து போனில் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனான். அரைமணி நேரத்தில் வாசலில் அத்தானின் கார் வந்து நின்றது. முதல் ஒலிபரப்புக்கு ஆட்டோவில் போவாயா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கதவைத் திறந்துவிட்டார்.

நிலையத்தில் அவளை ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்தார்கள். சுவரெல்லாம் துணி ஒட்டியிருந்தது. எதிரே தொகுப்பாளர், மெத்தென்ற குரல்காரி. பக்கவாட்டில் ஒரு பெரிய கண்ணாடி. அதற்கு அந்தப்பக்கம் விருந்தினர் நாற்காலியில் அத்தான், கையைக் கட்டிக்கொண்டு, வண்டி ஓட்டுகிறவனைப் பார்ப்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி அவர் தலைக்கு மேலேயே இருந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது.

ஆரம்பம் நன்றாகத்தான் போயிற்று. முதல் பாட்டு எப்படி வந்தது என்று கேட்டதும், வண்டு லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தைப் பற்றிச் சொன்னாள். மெல்லிய லென்ஸுக்கு அது ஒரு சுருதியில் கத்தும், கனமான லென்ஸுக்கு வேறு சுருதியில் இறங்கும். ஒரு தையல்காரருக்குத் தடித்த லென்ஸ் தேய்த்த மதியம் அது மூன்று ஸ்வரம் இறங்கியது. அதைத் தொண்டையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தொகுப்பாளர் ரசித்துக் கேட்டாள். இன்னொரு பாட்டு, கணவனால் வந்தது. ஒருமுறை லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறிய ஒரு பெண்ணிடம், கதவுக்கு வெளியே நின்றபடி நாற்பது நிமிஷம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பழுது பார்த்திருக்கிறான். பெயர் என்ன, என்ன வேலை, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று. வீட்டுக்கு வந்து வேடிக்கையாகச் சொன்னதை அவள் பாட்டாக்கினாள். எவ்வளவு நல்ல மனுஷர் என்றாள் தொகுப்பாளர். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றாள் வண்டு.

பிறகு ‘வாசல்வரை’ ஒலித்தது. முதல் சரணத்தில் பை, இரண்டாவதில் பால். மூன்றாவது சரணம் வந்தபோது வண்டு மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*கேட்டால் சொல்வேன் எல்லாமே,*
*கேட்க உனக்குத் தோணவில்லை.*
*நீ நல்லவன் என்பது தவிர*
*உன்மேல் எனக்குக் குறையில்லை.*

பாட்டு முடிந்ததும் தொகுப்பாளர் குரலை இன்னும் தாழ்த்தினாள். “கற்பனையில இது வராதுன்னு எனக்குத் தோணுது. அந்த வாசல் வரைக்கும் போனது யாரு?”

தோழி ஒருத்தி என்று சொல்லத்தான் வண்டு தயார் செய்துவைத்திருந்தாள். கண்ணாடிப் பக்கம் பார்வை போனது. அத்தான் கட்டியிருந்த கையைப் பிரித்து முட்டியில் ஊன்றிக்கொண்டு, முன்னால் சாய்ந்திருந்தார். தோழி என்றால் எந்தத் தோழி என்று கேட்பார். காரில் திரும்பும்போது கேட்பார். விடமாட்டார்.

“நான்தான்” என்றாள்.

சொன்ன பிறகு நிறுத்தவும் முடியவில்லை. சாம்பல்நிறப் பை, அதற்குள் இரண்டு செட் துணி, ஹெட்ஃபோன். மாடிப்படியில் யாரும் பார்க்காத நேரம் மதியம் மூன்று மணி. கேட்காததெல்லாம் வாயில் வந்தது. பொய் சொல்ல வராதவளுக்கு அன்றைக்கு மட்டும் அருவியாகக் கொட்டியது.

“உங்க வீட்டுக்காரருக்கு இது தெரியுமா?”

அப்போதுதான் வண்டுவுக்கு மோட்டார் அறையும், அங்கே போனைச் சுற்றி நிற்கும் ஆட்களும் ஞாபகம் வந்தார்கள்.

“இப்ப தெரிஞ்சிருக்கும்” என்றாள்.

திரும்பும்போது அத்தான் பாட்டுப் போடவில்லை. அது டிரைவிங் ஸ்கூல் கார். பயிற்சி கொடுப்பவருக்கென்று இடப்பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. வண்டு காலை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவனுக்கு இரண்டு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு அத்தான் பேசினார்.

“அந்தப் பொய் எனக்காகவா?”

அவள் கால் தன்னையறியாமல் நீண்டு பிரேக்கை மிதித்தது. கார் நடுச்சாலையில் குலுங்கி நின்றது. பின்னாலிருந்தவன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். வேறு யாராவது மிதித்திருந்தால் அத்தான் ஒரு பாடமே நடத்தியிருப்பார். இப்போது வண்டியை ஓரங்கட்டினார், அவ்வளவுதான்.

“ரெண்டு வருஷம் முன்னாடி ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். சமையல்கட்டுல உங்க அக்கா செருப்பு கிடந்துச்சு, அடுப்புக்குக் கீழயே. அவ செருப்போட சமையல்கட்டுக்குள்ள போற ஆளா? ஏன்னு கேட்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்கல. அப்புறம் உன் பாட்டு வந்துச்சு. அதைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.”

“தெரிஞ்சும் எல்லாருக்கும் போட்டுக் காட்டினீங்களே அத்தான்.”

“தெரியாத மாதிரி இருக்க வேற வழி தெரியல. கேட்டா அவ பதில் சொல்லிடுவாளோன்னு பயம்.”

எதற்கெடுத்தாலும் குறை கண்டுபிடிக்கிற மனுஷர் ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார், அழுக்கே இல்லாத ஸ்டீயரிங்கை. வண்டுவுக்கு அவர்மேல் கோபப்படுவதா இரக்கப்படுவதா என்று தெரியவில்லை. நீங்களே அக்காவிடம் கேட்டுவிடுங்கள், இன்றைக்கே கேளுங்கள் என்று மட்டும் சொன்னாள். அவர் தலையாட்டினார். அவளை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

வீடு பூட்டியிருக்கவில்லை. கணவன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான், கை நிறைய கிரீஸோடு. வேலையைப் பாதியில் விட்டு வந்தவன் என்று பார்த்ததுமே தெரிந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அவன் வேலையைப் பாதியில் விட்டு வந்ததில்லை.

“எப்போ?” என்றான்.

வண்டு ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அக்கா, பை, பால், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அத்தான், வாயில் வந்த பொய், காரில் அத்தான் சொன்னது. நானில்லை, நான் எங்கேயும் போகவில்லை என்று இரண்டு தடவை சொன்னாள். அவன் முகம் மெல்ல இளகியது. எழுந்து போய்க் கை கழுவினான். மோட்டார் அறையில் யாரும் பேசவில்லை என்றும், மூத்த மெக்கானிக் போனை அணைத்துவிட்டு, நீ வீட்டுக்குப் போப்பா என்று முதுகில் தட்டினார் என்றும் குழாயடியிலிருந்தே சொன்னான். லிஃப்ட் விழுந்திருந்தால்கூட அந்த மனுஷர் என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கமாட்டார் என்று சிரிக்கவும் பார்த்தான். பிறகு குழாயை மூடினான்.

“முதல் ரெண்டு சரணம் அக்கா. சரி. மூணாவது?”

“அதுவும் அக்காதான்.”

“உங்க அத்தானை நல்லவன்னு யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. என்னைத்தான் எல்லாரும் அப்படிச் சொல்றாங்க. இன்னிக்கு அந்தம்மா ரேடியோலயும் சொன்னாங்க.”

அந்தச் சரணம் வந்த நாளை வண்டு இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடமும் சரியாகச் சொல்லிக்கொண்டதில்லை. மற்ற இரண்டு சரணம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்று காலை டாக்டர் அவளிடம், இனிமேல் குழந்தைக்கு வாய்ப்பில்லை, முயற்சியை நிறுத்திவிடலாம் என்று சொல்லியிருந்தார். அவள் தனியாகத்தான் போயிருந்தாள். சாயங்காலம் கணவன் வந்தான். அவள் முகத்தைப் பார்த்து, களைப்பா இருக்கியா, நீ படு என்றான். அவனே சமைத்தான், பாத்திரம் கழுவினான், ஒழுகிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் மாற்றினான். என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்கவில்லை. மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் அவள் அலமாரிக்குள் நுழைந்து மைக்கைப் போட்டாள். ஒரு வரியும் எழுதிவைக்கவில்லை. நாலு வரியும் ஒரே மூச்சில் வந்தன. அக்காவின் குரலில் பாடுகிறோம் என்றுதான் அப்போது நினைத்தாள்.

“என்னோடதுதான்” என்றாள் கடைசியில்.

அவன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “நீயும் செருப்புப் போட்டியா?”

“இல்ல. பை எங்க இருக்குன்னு பார்த்தேன். அவ்வளவுதான்.”

“சாம்பல் கலர் பை.”

“ஆமா.”

அவனுடைய போன் அடித்தது. கட்டடத்துக்காரர்கள். அவன் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. அவன் இப்போது ஏதாவது ஒன்றைப் பழுது பார்க்கப் போய்விடுவான் என்று வண்டு காத்திருந்தாள். அவன் போகவில்லை. தரையிலேயே உட்கார்ந்தான்.

“எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? டாக்டர் சொன்னது?”

அவள் திடுக்கிட்டாள். டாக்டரைப் பற்றி அவள் வாய் திறக்கவே இல்லை.

“ரிப்போர்ட்டை மேஜை இழுப்பறையில பார்த்தேன், ரெண்டு மாசம் கழிச்சு. நீயா சொல்லுவேன்னு இருந்தேன். கேட்டா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு...”

“லிஃப்டுக்குள்ள மாட்டினவங்ககிட்ட நாப்பது நிமிஷம் கேட்கத் தெரியுதுல்ல?” என்றாள். “எனக்கு மட்டும் என்னவாம்?”

“அவங்க வெளிய வந்ததும் போயிடுவாங்க” என்றான் அவன். “உன்கிட்ட தப்பாக் கேட்டுட்டா நான் எங்க போறது?”

அந்த மதியம் இருவரும் சாப்பிடவில்லை. பேசி முடிக்க நாலு மணி ஆயிற்று. அழுததில் அவனுக்குத்தான் கண் அதிகம் வீங்கியிருந்தது. சாயங்காலம் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு விட்ட வேலையை முடிக்கப் போனபோது, வண்டுவுக்கு அவன் போவது தப்பாகப் படவில்லை.

அக்கா விஷயம் அப்படிச் சுலபமாக முடியவில்லை. அத்தான் அன்றே கேட்டுவிட்டார். அவள் பதினெட்டு வருஷத்தையும் வரிசைப்படுத்திச் சொல்லிவிட்டு, அடுத்த வியாழக்கிழமை பையோடு வண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். கொண்டுவந்து விட்டவர் அத்தானேதான். பையைத் தூக்கிவந்து கூடத்தில் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அக்கா ஒன்றரை மாதம் இருந்தாள். பிறகு தன் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்துக் குடிபோனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அங்கே போகிறார். மணி அடித்துவிட்டு வெளியே நிற்கிறாராம். அதற்குமேல் என்னவாகும் என்று அக்காவுக்கே தெரியவில்லை.

கணவன் முதல் பத்துநாள், லிஃப்ட் பராமரிப்புப் பட்டியல்போல, தினமும் வந்ததும் வராததுமாக இன்று என்ன ஆயிற்று, மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டு அவளைப் பாடாய்ப் படுத்தினான். பதினோராம் நாள் அவளுக்குக் கடையில் ஒரு சண்டை. ஒரு பெட்டி லென்ஸ் உடைந்ததற்கு முதலாளி எல்லார் முன்னாலும் அவளைத் திட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து அலமாரிக் கதவைத் திறந்துகொண்டு நின்றாள்; பாட்டும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவன் வந்து பின்னால் நின்று என்னவென்று கேட்டான்.

“இப்ப சொல்ல முடியாது. நாளைக்குக் கேளுங்க.”

சரி என்று போய்விட்டான். மறுநாள் கேட்டான்.