முதல் மாத்தேக்கே நன்றி

என் நாத்தனார் டெல்ஃபினாவுக்குத் தெரியாத வைத்தியம் இந்த ஊரில் கிடையாது. வயிற்றுவலிக்கு ஓர் இலை, வழுக்கைக்கு ஒரு வேர், புருஷன் ஓடிப்போனால் அதற்கும் ஒரு கஷாயம். அவளுடைய புருஷன் ஓடிப்போய் வருடங்கள் ஆகிவிட்டன. கஷாயம் இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது.

அன்றிலிருந்து அவள் எங்கள் வீட்டில். என் கணவன் அப்பாரிசியோ அக்காவுக்கு எதிரில் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. கொட்டாவி விடுவதானால்கூட அவள் அடுப்பங்கரைக்குப் போகட்டும் என்று காத்திருப்பான்.

விடியற்காலை மாத்தே, அதாவது எங்கள் ஊர் இலைத் தேநீர், அவள் கையால்தான். மற்ற வீடுகளில் வெந்நீர் ஊற்றிக் கசக்கக் கசக்கக் குடிப்பார்கள். டெல்ஃபினாவுடையது பால் மாத்தே: சுரைக் குடுவையில் இலைத்தூள், துருவிய தேங்காய், மேலே சீனி போட்டுக் காய்ச்சிய பால். ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், ஆளுக்கொரு முறை கைமாறி வரும். திருப்பிக் கொடுக்கும்போது வாயை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டும். 'நன்றி' என்று சொல்லிவிட்டால் 'எனக்குப் போதும், இனித் தராதே' என்று அர்த்தம். முதல் குடுவையை நீட்டும்போதே நன்றி சொன்னால், உன் கையால் எனக்கு எதுவும் வேண்டாம் என்று முகத்தில் அறைந்த மாதிரி. பரகுவாயில் சாலை விதியை மதிக்காதவன்கூட இந்த விதியை மதிப்பான்.

எனக்குத் தைராய்டு. கழுத்திலிருக்கும் சுரப்பி எப்போதோ வேலைநிறுத்தம் செய்துவிட்டது. ஆயுசு முழுக்கத் தினம் ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில் போடச் சொல்லியிருந்தார் டாக்டர். நானும் அப்படித்தான் போட்டேன், எழுந்ததும் டெல்ஃபினாவின் முதல் மாத்தேயோடு. மாத்தேயைச் சாப்பாட்டில் சேர்க்கிறவன் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

டாக்டரின் பெயரைச் சொல்லி இந்தக் கதையை அழுக்காக்க விரும்பவில்லை. ஒவ்வொரு முறையும் ரத்தப் பரிசோதனையைப் பார்ப்பார், "பத்தலை" என்பார், மாத்திரையின் அளவைக் கூட்டுவார். எதோடு விழுங்குகிறாய் என்று ஒரு தடவை கேட்டதில்லை. கேட்பதற்கு வாய் வேண்டும். அவருடைய வாய் எப்போதும் தொலைபேசியில் கால்பந்து பேசிக்கொண்டிருக்கும். அளவு ஏறிக்கொண்டே போயிற்று, நானும் பாதித் தூக்கத்திலேயே பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பிழைப்பு என்றால் ரேடியோ. ஆற்றங்கரை வானொலியில் காலை நிகழ்ச்சி என்னுடையது. சாவு அறிவிப்பு, பிறந்தநாள் வாழ்த்து, காணாமல் போன மாடு, மருந்துக்கடை விளம்பரம், நேயர் கேட்ட பாட்டு. எனக்கென்று இந்த உலகத்தில் இருப்பது அந்த மைக் ஒன்றுதான். வீட்டில் நான் பேசுவதை யாரும் கேட்பதில்லை. ரேடியோவில் கேட்டே ஆக வேண்டும், எங்கள் ஊரில் வேறு நிலையம் எடுக்காது.

போன குளிர்காலத்தில் டெல்ஃபினா மகளின் பிரசவத்துக்கு புவெனஸ் அயர்ஸ் போனாள். எனக்கு சொர்க்கம். அப்பாரிசியோவுக்கு அடுப்பு பற்றவைக்கத் தெரியாது, எனக்கு நேரம் கிடையாது. குழாய்த் தண்ணீரில் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடினேன்.

சில வாரத்தில் சொர்க்கம் கசந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தக் குளிரில் வியர்த்தது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டால்கூட ஏதோ கெட்ட சேதி வந்துவிட்டது என்று உயிர் போய்த் திரும்பியது. தூக்கம் போயிற்று. கை நடுங்கியதில் அறிவிப்புத் தாள் சரசரத்து, அந்தச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது.

"அக்கா இல்லாம உனக்கு நரம்பு தளர்ந்துபோச்சு, சுனில்தா" என்றான் அப்பாரிசியோ. அவனாக யோசித்துக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான், அதுவும் தப்பு.

டாக்டரும் அதையே பாடினார். "இந்த வயசுல பொம்பளைங்களுக்கு வர்றதுதாம்மா. நரம்பு. தையல் கியல் கத்துக்கங்க, மனசு அமைதியாயிடும்."

"தையலா? கை நடுங்குதுன்னு சொல்றேன், ஊசி எடுக்கச் சொல்றீங்களே."

அவர் மறுபடி தொலைபேசியை எடுத்துக்கொண்டார்.

எனக்கு நானே வழி தேடிக்கொண்டேன். தாளை அட்டையில் ஒட்டினேன், சரசரப்பு நின்றது. மைக் முன்னால் செருப்பைக் கழற்றி இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி ஊன்றி, மூச்சை மெதுவாக, இழுத்ததைவிட நீளமாக வெளியே விட்டேன். அப்படியும் நெஞ்சு ஓடினால் இருப்பதிலேயே நீளமான போல்கா பாட்டைப் போட்டேன். ஊரே என் புண்ணியத்தில் போல்கா கேட்டுக் களைத்தது.

முதலாளி போர்ஃபிரியோவுக்குப் பாட்டுக் காது கிடையாது, ஆனாலும் கண்டுபிடித்துவிட்டார். "உன் குரல் ஆடு கத்துற மாதிரி நடுங்குதாம். நேயருங்க சொல்றாங்க." நேயர்கள் என்றால் அவருடைய தம்பி மகள் யானினா. 'காலமானார்' என்ற சொல்லைச் சிரிக்காமல் சொல்ல வராத அந்தப் பெண்ணுக்கு என் நாற்காலிமேல் ரொம்ப நாளாகக் கண்.

அப்போதுதான் டெல்ஃபினா திரும்பி வந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை அவள் பேரன் பிறந்தபோது எடுத்த படத்தில்கூட நான் பார்க்கவில்லை. "நான் நகர்ந்தா இவ ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியும்டா தம்பி. பாவம், நரம்பு." மறுநாளே பால் மாத்தே, அதில் நரம்புக்கென்று இடித்த ஏதோ பச்சிலை.

இனி நடந்த கொடுமையைக் கேளுங்கள். எனக்குச் சரியாகிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் படபடப்பு அடங்கியது, கை நின்றது. டெல்ஃபினா தெருத் தெருவாகப் போய்ச் சொன்னாள். மாதா கோயில் வாசலில் முன்பின் தெரியாத பெண்கள் என் கையைப் பிடித்து, "உங்க நாத்தனார் தெய்வம்" என்றார்கள். என் நிம்மதி அவள் குடுவைக்குள் இருக்கிறதென்றால் நடுக்கமே மேல் என்று எனக்குப் பட்டது. அவமானத்தில் வெந்தேன்.

போதாததற்குப் பழைய மந்தம் திரும்பியது. உடம்பு கனத்தது, நாக்கு தடித்தது, வாழ்த்துச் சொல்லவேண்டிய கிழவருக்கு அஞ்சலி சொன்னேன். "முன்னாடி ஆடு, இப்ப எருமை" என்றார் போர்ஃபிரியோ. "ஊர்த் திருவிழா வரைக்கும் பார்க்கிறேன் சுனில்தா. அன்னிக்கு ஜனங்க முன்னாடி ஒலிபரப்பு. சரியா வரலேன்னா மறுநாள்லேர்ந்து யானினா."

அந்த வாரம் மருந்துக்கடையிலிருந்து புது விளம்பரம் வந்தது. வழக்கம்போல் முன்கூட்டிப் பார்க்காமலே வாசித்தேன். 'தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களே! வெறும் தண்ணீரில் மட்டும் விழுங்குங்கள். பால், காபி, மாத்தே எதுவானாலும் ஒரு மணி நேரம் கழித்துத்தான். பால் மருந்தை உடம்பில் சேர விடாது...'

அங்கே நின்றுவிட்டேன். ஊர் முழுக்க ரேடியோ மௌனமாக இருந்தது. போல்காவைப் போட்டுவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். இத்தனை வருடமும் மாத்திரையில் பாதியை டெல்ஃபினாவின் பால் தின்றிருக்கிறது. பத்தவில்லை என்று டாக்டர் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். அவள் ஊருக்குப் போனாள், பால் நின்றது, ஏற்றி வைத்த மருந்து முழுசும் உடம்பில் இறங்கியது. நரம்பாவது தளர்ச்சியாவது! அவள் திரும்பி வந்து மருந்தை மறுபடி கெடுத்தாள், அதற்குப் பெயர் தெய்வம்.

டாக்டரிடம் போனேன். "பாலோடயா விழுங்குனீங்க? நீங்க சொல்லவேயில்லையே!"

"நீங்க கேக்கவேயில்லையே."

தொலைபேசியைக் கீழே வைத்தார். அதுவே எனக்குக் கிடைத்த மன்னிப்பு. ரத்தம் எடுத்தார், மாத்திரையின் அளவைக் குறைத்தார், தண்ணீரில் விழுங்கச் சொன்னார், சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். மந்தம் உடனே சரியாகாது, நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்றும் சொன்னார். அவரிடமிருந்து நான் கேட்ட முதல் உருப்படியான பேச்சு.

வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "என் பாலா விஷம்?" என்று டெல்ஃபினா மாரில் அடித்துக்கொண்டாள். "ஒரு வாய் குடிச்சா என்னவாம்?" என்றான் அப்பாரிசியோ, வழக்கம்போல் என்னிடம். மாத்தே வேண்டாமென்று சொல்ல எங்கள் மொழியில் ஒரே சொல்தான் உண்டு, அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குளியலறையில் ஒளிந்து குழாய்த் தண்ணீரில் மாத்திரையை விழுங்கிவிட்டு, வேலை இருக்கிறது என்று திருடி மாதிரி ஓடினேன். அவள் குடுவையோடு வாசல்வரை துரத்தி வருவாள். ஊரெல்லாம், "மறுபடி நரம்பு கிளம்பிடுச்சு, என் கையால குடிக்க மாட்டேங்குறா" என்று ஒப்பாரி.

திருவிழாவும் வந்தது. நிலையத்தின் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள், ஜனம் உள்ளே வந்து எட்டிப் பார்த்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போர்ஃபிரியோ, பக்கத்தில் உதட்டுச் சாயம் பூசித் தயாராக யானினா. நான் செருப்பைக் கழற்றிப் பாதத்தை ஊன்றிக்கொண்டேன். நெஞ்சு கொஞ்சம் வேகமாகத்தான் அடித்தது, ஆனால் ஓடவில்லை.

சாவு அறிவிப்பை முடித்திருப்பேன். டெல்ஃபினா உள்ளே வந்தாள், விழாவுக்கு உடுத்தும் சட்டையோடு, கையில் குடுவையோடு. பின்னால் பால் பாத்திரத்தைச் சுமந்துகொண்டு அப்பாரிசியோ. யாரும் தடுக்கவில்லை, தெய்வத்தை யார் தடுப்பார்கள்? நேரே மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஊர் ஜனங்களே, எங்க சுனில்தாவுக்கு நரம்பு. உங்களுக்கெல்லாம் தெரியும். என் கையால ஒரு வாய் குடிச்சா அவளுக்கு நிக்கும். நல்ல நாளும் அதுவுமா உங்க முன்னாடியே கொடுக்கிறேன். இந்தாடி, குடி."

குடுவையை நீட்டினாள். ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. போர்ஃபிரியோ காதைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தார், நடுங்குகிறேனா என்று.

நான் மாத்திரை விழுங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் பாலைக் குடித்திருந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதனால்தான் சொன்னேன்.

"நன்றி, டெல்ஃபினாக்கா."

வாசலில் யாரோ ஒரு பெண் 'ஐயோ' என்றாள். அப்பாரிசியோ வாயைத் திறந்தான், அக்காவுக்கு எதிரிலேயே, ஆனால் சத்தம் வரவில்லை. டெல்ஃபினாவின் கையில் குடுவை நடுங்கிப் பால் சிந்தி என் அட்டையில் தெறித்தது. அதைத் துடைத்தேன். என் கை நடுங்கவில்லை, குரலும் நடுங்கவில்லை.

பிறகு, நேற்று ஆற்றங்கரையில் காணாமல் போன செவலை மாட்டைப் பற்றிய அறிவிப்பை வாசித்தேன்.