கம்பளியில் தைத்த காந்தம்

ஜெயலெட்சுமிக்குக் கடவுள் மேல் கோபம் உண்டோ இல்லையோ, ரயில் மேல் இருந்தது. தெமோதரைப் பக்கத்தில், தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் அவளுடைய லயத்துக்குக் கீழே, தேயிலைக்கு நடுவில், தண்டவாளம் வளைந்து போகிறது. அவள் புருஷன் கணபதிக்கு ஞாபகம் தப்பிப்போய் வருஷமாகிறது. அவள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன நேரம் பார்த்து எழுந்து நடந்துவிடுவார். நடந்தால் நேரே தண்டவாளம்தான். போன மாதம் ஒரு கீரை வியாபாரி கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். பெயர்கூடச் சொல்லாமல் போன அந்த மனுஷனுக்கு, விளக்கு வைக்கும்போதெல்லாம் அவள் தனியாக ஒரு கும்பிடு போட்டாள். புருஷனுக்காக வேலைக்குப் போகாமல் வீட்டில் காவல் இருக்க முடியுமா? அடுப்பு எரிய வேண்டாமா?

கொழும்பில் துணிக்கடையில் நிற்கும் மகன் நிஷாந்த், விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கெமராக்களும் ரெக்கோடர் பெட்டியும் வாங்கி அனுப்பினான். நல்ல பிள்ளை, குறை சொன்னால் வாய் அழுகிவிடும். ஆனால் கெமரா பார்க்கும், கையைப் பிடிக்குமா? அப்பா படியிறங்கிப் போவதைக் கொழும்பிலிருந்து போனில் பார்த்துப் பதறலாம், அவ்வளவுதான்.

அதனால்தான் பதுளை டவுனிலிருந்து முஸ்தாக்கை வரச் சொன்னார்கள். கெமரா மாட்டுவதே அவன் தொழில். கெமராக்களை மாட்டிவிட்டு, ரெக்கோடர் பெட்டியைத் திருப்பி அதன் முதுகிலிருந்த சின்னத் துளைகளைக் காட்டினான்.

"அக்கா, இதுல வெளியில இருந்து சென்சர் வயர் குடுக்கலாம். கதவுல ஒரு காந்தம், நிலையில அதுக்கு ஜோடி. கதவு தொறந்தா ரெண்டும் பிரியும். உடனே பெட்டிக்குத் தெரிஞ்சிரும், சைரன் கத்தும். பக்கத்துல உள்ளவங்க ஓடிவந்து புடிச்சிக்கலாம்."

கேட்கவே நிம்மதியாக இருந்தது. மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போக அவள் கதவைத் திறந்ததுதான் தாமதம், சைரன் பிடித்துக்கொண்டது. கத்தியது, கத்தியது, லயமே கூடிவிட்டது. கடைசியில் பக்கத்துக் காம்பரா வீட்டுக் கலாராணி தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து வயரைப் பிடுங்கிய பிறகுதான் ஓய்ந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

தப்பு எங்கே என்றால், லயத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தியிருந்தால் ஒன்று எழவு, இல்லை சண்டை. சாத்திய வீட்டுக்குக் கறிவேப்பிலை கேட்டுக்கூட ஒருத்தரும் போகமாட்டார்கள். டவுனில் வளர்ந்த முஸ்தாக்குக்கு அது தெரியாது. லயத்திலேயே பிறந்து வளர்ந்த ஜெயலெட்சுமிக்கும் அந்த நேரம் தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை.

கூப்பிட்டதும் முகம் சுளிக்காமல் மறுபடி வந்தான் முஸ்தாக்.

"பகல்ல மட்டும் சாத்தி வெக்க ஏலாதா, அக்கா?"

"நல்லாருக்கே! அந்த மனுஷன் உசுரோட இருக்கையிலேயே எழவு வீடாக்கச் சொல்றீங்களா?" என்றாள் கலாராணி.

"அப்ப வாசலுக்குக் குறுக்கால லைட் சென்சர் போடுவோம். ஆள் கடந்தா கத்தும்."

"கோழி கடந்தாலும் கத்தும். இங்க மனுசரவிடக் கோழிதான் ஜாஸ்தி."

முஸ்தாக் தலையைச் சொறிந்தான். ஜெயலெட்சுமி மனசு விட்டுப்போய் வாசலில் உட்கார்ந்தாள்.

"என்னான்னு சொல்ல தம்பி. போறப்ப ஒரு சத்தமும் குடுக்க மாட்டாரு. ஆணியில கெடக்குற கம்பளிய எடுப்பாரு, போயிருவாரு. அது இல்லாம மட்டும் வெளிய காலு வைக்க மாட்டாரு."

முஸ்தாக் எழுந்து போய் அந்தக் கம்பளியைத் தொட்டுப் பார்த்தான். மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் பழைய கறுப்புக் கம்பளி. வேலைக்குப் போன காலத்திலிருந்து கணபதியிடம் இருக்கிறது.

"அக்கா, கதவ விடுங்க. காந்தத்த இதுல வெப்போம்."

கலாராணியே கம்பளி ஓரத்தில் காந்தத்தை வைத்துத் தைத்தாள். அதன் ஜோடியை முஸ்தாக் ஆணிக்குப் பக்கத்தில் திருகிப் பெட்டியோடு இணைத்தான். சைரன் கத்துவதற்குச் சற்று முன்னால் நடந்ததும் சத்தத்தோடு பதிவாகும்படி வைத்துவிட்டுப் போனான்.

அப்புறம் வந்தது ஒரு மழை. நமுனுகுல மலைப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து மத்தியானத்தையே இருட்டாக்கியது. ஜெயலெட்சுமி பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து சைரன் கேட்டது. அவள் பறித்த கொழுந்தைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"என்னா புள்ள பாத்துக்கிட்டு நிக்கிற? கூடையப் போட்டுட்டு ஓடு!" என்று கத்தியவர், நிமிஷம் பிந்தினாலும் ஏசுகிற அதே கங்காணிதான். அந்த ஒரு சொல்லுக்காக அவர் ஏசியதையெல்லாம் மன்னிக்கலாம்.

அவள் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினாள். பாதி வழியில் ரயில் கூவியது. மாரியாத்தா, மாரியாத்தா என்பதைத் தவிர வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

வந்து பார்த்தால் கணபதி கலாராணி வீட்டில் உட்கார்ந்து பால் விடாத பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே மறித்துவிட்டார்களாம். சத்தம் கேட்டதும் லயத்தில் இருந்த அத்தனை பேரும், குடையும் இல்லாமல் செருப்பும் இல்லாமல், திறந்து கிடந்த கதவுகள் வழியாகப் பாய்ந்திருக்கிறார்கள். எல்லோரும் சொட்டச் சொட்ட நின்றார்கள். யாருக்கு முதலில் நன்றி சொல்வது என்று தெரியாமல் ஜெயலெட்சுமி எல்லோரையும் பார்த்து மொத்தமாகக் கும்பிட்டாள்.

"கும்புடறத அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல தலைய தொடைங்க, அக்கா," என்றாள் கலாராணி. "ஆனா மனுஷன் ஒரு கூத்து பண்ணுனாரு. தொப்பலா நனையிறாரு, கம்பளியப் போத்திக்கல. மடிச்சு நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் போறாரு."

அந்த நேரம் நிஷாந்த் போனில் வந்தான்.

"அம்மா, ரெக்கோடிங்கப் போட்டுப் பாருங்க. சத்தத்தோட கேளுங்க."

போட்டார்கள். திரையில் கணபதி வாசலில் நின்று மழையைப் பார்க்கிறார். நாக்கைச் சப்புக்கொட்டுகிறார். "அடடா, ஜெயா நனையுமே," என்கிறார். கம்பளியை எடுக்கிறார். சைரன் கத்துகிறது.

அவள் வேலை செய்யும் மலைக்குக் குறுக்கு வழி தண்டவாளத்தைத் தாண்டித்தான் போகிறது. சாகப் போகிறாரோ என்று அவள் பயந்த மனுஷன் இத்தனை நாளும் அவளிடம்தான் போய்க்கொண்டிருந்தார். ஜெயலெட்சுமிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவர் நிமிர்ந்து, யாரோ என்கிற மாதிரி அவளைப் பார்த்தார். அப்புறம் மடியிலிருந்த கம்பளியை நீட்டினார்.

"நீங்க மலைக்குத்தானே போறீங்க? எம் பொஞ்சாதி அங்க நனைஞ்சிக்கிட்டு நிக்கும். இதக் குடுத்துருங்க."

"குடுத்துர்றேங்க," என்றாள் ஜெயலெட்சுமி. இரண்டு கையாலும் அதை வாங்கித் தலையோடு போர்த்திக்கொண்டு, மழை விடும் வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.