குளிரறையில் பூங்கொத்துகள்

1

இந்தக் கதை ஒரு மன்னிப்புக் கடிதமாகத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி என் வீட்டுக்கு வந்தார். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"உனக்குத்தான் எழுத வருமே. ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடு."

"யாருக்கு அண்ணி?"

"எங்க இயக்குநருக்கு."

"எதுக்கு?"

"பூவை வெயில்ல வச்சதுக்கு."

'மதிப்பிற்குரிய ஐயா, கடந்த' என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. கடிதத்துக்குப் பணிவு வேண்டும். எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வந்தது. அந்த அரை வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுதியதுதான் இது.

2

முதல் தொடக்கம்: 'ஆழ்கடலின் இருளில், காலத்தின் பெரும் மௌனத்தில்' (அடித்துவிட்டேன். கோபத்தில் இருப்பவர் மௌனத்தைப் பற்றி எழுதினால் நம்பாதீர்கள்.)

இரண்டாவது: 'அவள் ஒரு விஞ்ஞானி.' (இதையும் அடித்தேன். அண்ணியை நான் ஒருநாளும் 'அவள்' என்று சொன்னதில்லை. கதைக்காகச் சொல்லவும் நாக்கு வரவில்லை.)

மூன்றாவது, நேராகவே: என் அண்ணனின் மனைவி ஒரு கடலாய்வு நிலையத்தில் வேலை பார்க்கிறார். அங்கே அவருக்குச் 'சேறு மேடம்' என்று பெயர். கப்பலிலிருந்து கடல்தரைக்குள் நீளக் குழாயை இறக்கிச் சேற்றை உருவி எடுக்கிறார்கள். அதைக் குழாயோடு நெடுக்காகப் பிளந்து, காயாமல் குளிரறையில் வைக்கிறார்கள். மேலே இருப்பது நேற்றைய சேறு. கீழே போகப் போகப் பழசு.

(இங்கே கதை கொஞ்சம் நிற்கும். நின்றே ஆகவேண்டும். இது புரியாவிட்டால் என் கோபமும் புரியாது.

கடல்நீரில் எடை குறைந்த ஆக்சிஜனும் உண்டு, எடை கூடியதும் உண்டு. எடை குறைந்தது எளிதாக ஆவியாகும். பனியாக விழுந்து நிலத்தில் சிக்கிக்கொண்டால் கடலுக்குத் திரும்பாது. எடை கூடியது கடலில் மிஞ்சும். கடல்தரையில் வாழும் மணலளவு உயிர்கள் அந்த நீரைக் கொண்டே ஓடு கட்டிக்கொள்கின்றன, சாகின்றன, சேற்றில் புதைகின்றன. அந்த ஓட்டின் ஆக்சிஜனையும், நீரின் குளிருக்கேற்ப அதில் கூடிக் குறையும் மக்னீசியத்தையும் அளந்தால், நிலத்தில் பனி எவ்வளவு சேர்ந்திருந்தது, கடலடி எவ்வளவு குளிர்ந்திருந்தது என்று கண்டுபிடிக்கலாம்.

"பனியுகம்னா குளிர்காலம் கொடூரமா இருக்கும்னு நினைக்கறாங்க," என்று அண்ணி ஒருமுறை காய் நறுக்கிக்கொண்டே சொன்னார். "அப்படி இல்ல. கோடை கொஞ்சம் சோம்பேறியாயிடும். போன வருஷப் பனி கொஞ்சம் உருகாம நிக்கும். அதுமேல இந்த வருஷப் பனி விழும். அப்படித்தான் ஆரம்பிக்கும்."

ஆனால் எது முந்தியது? நிலத்தில் பனி சேர்ந்த பிறகு ஆழ்கடல் குளிர்ந்ததா, முன்னாலேயே குளிர்ந்துவிட்டதா? கடைசிப் பனியுகம் தொடங்கிய காலத்துச் சேறு மற்றக் குழாய்களில் விரலளவுகூட இல்லை. அண்ணியின் குழாய் ஒன்றில் அது ஒரு சாண் இருந்தது. ஒரு பாதியை அளந்து முடித்திருந்தார். அதைச் சரிபார்க்காமல் விடை சொல்ல முடியாது; அதற்காக மறுபாதி குளிரறையில் காத்திருந்தது.)

3

நிலையத்துக்குப் பொன்விழா. அண்ணி வெளியூர்க் கருத்தரங்கு ஒன்றுக்குப் போயிருந்தார். விழா நாள் காலை திரும்பியவர், புடவைகூட மாற்றாமல் நேரே குளிரறைக்குப் போனார். கதவைத் திறந்தால் பூங்கொத்துகள். தட்டு தட்டாக, ரிப்பன் கட்டி, விருந்தினர்களுக்கு.

"குழாயெல்லாம் எங்க?"

நிர்வாக அதிகாரி ஜிப்பாவை நீவிக்கொண்டு, "பத்திரமா வெளிய வச்சிருக்கோம் மேடம். ரெண்டு நாள்தானே," என்றார்.

வெளியே என்றால் வாகனக் கொட்டகை. சிலவற்றைச் சுவரில் செங்குத்தாகச் சாய்த்திருந்தார்கள். சேறு நழுவி அடியில் குவிந்திருந்தது. சில காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தன. அந்த ஒரு சாண் இருந்த குழாயைப் பக்கத்து விழாக் கூடாரத்தின் துணி காற்றில் பறக்காமலிருக்கப் பாரமாக வைத்திருந்தார்கள்.

யார் சொன்னது என்று கேட்டார். நிர்வாக அதிகாரி விழாக் குழுவைக் காட்டினார். விழாக் குழு இயக்குநரைக் காட்டியது. இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சேறுதானே மேடம், தண்ணி தெளிச்சா சரியாயிடாதா? இன்னிக்கு வேணாம். மேடையில உங்களுக்குத்தான் முதல் கேடயம்."

எதற்குக் கேடயம்? பனியுகத் தொடக்கம் குறித்த ஆய்வுக்கு.

(இந்த வரியை நான் புனையவில்லை என்று சத்தியம் செய்யலாம். கதையில் சத்தியத்துக்கு என்ன மதிப்பு?)

4

இந்த இடத்தில் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். அண்ணி மேடையேறி, ஒலிபெருக்கியைப் பிடுங்கி, எல்லோரையும் கிழி கிழியென்று கிழித்தார். அரங்கம் வாயடைத்துப்போனது. இயக்குநர் வியர்த்தார். பிரமாதமாக வந்திருந்தது. அண்ணியிடம் காட்டினேன்.

"நான் இப்படிப் பேசவே இல்லையே. இது நீ பேசினது," என்றார்.

மூன்று பக்கமும் போயிற்று. நடந்தது இதுதான்: அவர் குளிரறைக்குத் திரும்பி, பூத்தட்டுகளை ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குத் தூக்கிப் போனார். தட்டைக் கொட்டகை வாசலில் வெயிலில் வைத்துவிட்டு, திரும்பும்போது குழாயைப் படுக்கைவாட்டில் ஏந்தி வந்தார். நிர்வாக அதிகாரி கூடவே ஓடினார்.

"மேடம், வாடிடும் மேடம்."

"தண்ணி தெளிங்க," என்றார் அண்ணி.

மேடையில் அவர் பெயரை அழைத்தபோது நாற்காலி காலியாக இருந்தது. கேடயத்தை இயக்குநரே வாங்கிக்கொண்டு, "அவர் ஆய்வில் மூழ்கியிருக்கிறார்," என்றார். கைதட்டினார்கள்.

5

மறுநாள் விளக்கம் கேட்டார்கள். சேற்றைப் பற்றி அல்ல, பூவைப் பற்றி. மன்னிப்புக் கேட்காவிட்டால் குளிரறைச் சாவி நிர்வாகத்திடம் போய்விடும். அதைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி என்னிடம் சொன்னார்.

"எழுதமாட்டேன் அண்ணி. நீங்களும் எழுதாதீங்க. மானம்னு ஒண்ணு இருக்கு."

அண்ணி கைப்பையை என் மேசைமேல் வைத்தார். அவரை அவ்வளவு கோபமாக நான் பார்த்ததில்லை. அதில் பாதி என்மேல்.

"நீ கோபப்பட்டுட்டு வீட்டுல உக்காந்துக்கலாம். எனக்கு அந்தச் சாவி வேணும். என் மானத்தை வச்சுக் குழாயைக் குளிர வைக்க முடியுமா?"

என் மேசையிலேயே ஒரு தாளை இழுத்து எழுதினார். 'பூக்கள் வாடியதற்கு வருந்துகிறேன்.' கையெழுத்து. கிளம்பிவிட்டார்.

இந்தக் கதையின் நாயகி தலைகுனியக் கூடாது என்று நான் முடிவு செய்திருந்தேன். அவர் என்னைக் கேட்கவில்லை.

6

இனி முடிவு.

சாவி அவரிடம் இருக்கிறது. நழுவிய, வெடித்த குழாய்களில் பெரும்பாலானவை போனது போனதுதான். ஓடுகள் இருக்கின்றன, வரிசை இல்லை. எது முன், எது பின் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பாரமாகக் கிடந்த குழாய் மட்டும், படுத்துக் கிடந்ததால், மேலே வெடித்து உள்ளே கொஞ்சம் ஈரமாக இருந்தது. அண்ணி அந்த ஒரு சாணிலிருந்து ஊசிமுனையால் ஓடுகளைப் பொறுக்கி அளக்க அனுப்பியிருக்கிறார். பதில் வரவில்லை.

'அண்ணியின் முகம் மலர்ந்தது' என்று எழுதி இதை முடிக்க எனக்குத் தெரியும். 'எல்லாம் கலங்கிவிட்டது' என்று எழுதி உங்களைக் கலங்கவைக்கவும் தெரியும். இரண்டையும் எழுதமாட்டேன். மலர்ச்சியைக் கொடுத்தால், 'பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லையே' என்று அந்த இயக்குநர் சொல்வார். அவருக்கு நான் அதைத் தரப்போவதில்லை. அழிவைக் கொடுத்தால் நீங்கள் ஒரு நிமிடம் உச்சுக் கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவீர்கள்.

ஆழ்கடல் முதலில் குளிர்ந்ததா, பனி முதலில் சேர்ந்ததா? அண்ணிக்கு இன்னும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாமலேயே இருங்கள். அது எப்படி இருக்கிறதென்று நீங்களும் பாருங்கள்.