ஜெகதீசன் ஏறிய மேடு

"நீ வெளிய போய் நில்லு, இந்து. அந்த ஆளை நான் பார்த்துக்கறேன்."

"இன்னைக்கு டிரெட்மில் என்னோட முறைங்கக்கா. காலையில நீங்கதானே சொன்னீங்க, நீயே எல்லாத்தையும்—"

"காலையில யாரு வரப்போறான்னு எனக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சுபோச்சு, அதனால—"

"தெரிஞ்சதாலதான் நான் செய்யறேங்கறேன்."

"மெஷின் மேல இருந்து கையை எடு."

"எடுக்க மாட்டேன்."

குன்னூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இதயப் பரிசோதனை அறையில் இப்படிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. கெஸியா அங்கே சம்பளத்துக்கு இருக்கும் டெக்னீஷியன். இந்துமதி கோயம்புத்தூரில் கார்டியாக் டெக்னாலஜி படிப்பவள். கடைசி வருடப் பயிற்சிக்காக மலைக்கு அனுப்பியிருந்தார்கள். கதவுக்கு வெளியே பெஞ்சில், மஃப்ளர் சுற்றிய கழுத்தோடும் பக்கத்தில் மனைவியோடும் உட்கார்ந்திருந்தவர் ஜெகதீசன். அரவேணுப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ஃபீல்டு ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கெஸியா குரலைத் தாழ்த்தினாள். "நீதானே எங்கிட்ட சொன்னே? உங்கப்பா நெஞ்சு அடைக்குதுன்னாரு. நடிக்காதேன்னு இவன் மேட்டுல ஏத்தினான். தேயிலைக் கவாத்து வெட்டற எடத்துலயே விழுந்து செத்தாரு. இவ்வளவும் சொல்லிட்டு, இப்ப இவனையே நீ மேட்டுல ஏத்தறேன்னா நான் எப்படி விடறது?"

"செத்ததைக்கூட நாங்க தாங்கிக்கிட்டோங்கக்கா."

"அப்புறம் என்ன?"

"குடிச்சிட்டு விழுந்தான்னு சொன்னானே, அது. ஆபீசுல அப்படித்தான் சொன்னான், மேனேஜர் துரைகிட்டயும் அப்படித்தான். தப்பு எஸ்டேட்டு மேல வந்துடக் கூடாதில்ல. எங்கப்பா தீபாவளிக்குக்கூட மோந்து பார்த்ததில்ல. இன்னைக்கும் தண்ணிக் குழாய்கிட்ட ஒருத்தி சண்டைக்கு வந்தா எங்கம்மாவைக் குடிகாரன் பொண்டாட்டின்னுதான் ஆரம்பிக்கிறா. எங்கப்பா குடிக்கலைன்னு இவன் வாயால வரணும். அதுதான் எனக்கு வேணும்."

"வரலைன்னா?"

இந்துமதி ரேசரை எடுத்துக்கொண்டாள். "உள்ள கூப்பிடுங்கக்கா."

"நான் பக்கத்துலயேதான் நிப்பேன்."

"நில்லுங்க."

ஜெகதீசன் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தார். மார்பில் அடர்த்தியாக நரைமுடி. ஒயர் மாட்டும் ஸ்டிக்கர்கள் ஒட்ட வேண்டுமென்றால் அங்கங்கே மழித்தாக வேண்டும்.

"எல்லாத்தையும் எடுத்துடாத அம்மிணி, குளுருல செத்துப்போவேன்" என்று சிரித்தார்.

"வேணுங்கற எடம் மட்டுந்தானுங்க சார். சிகரெட் பழக்கம் உண்டுங்களா?"

"விட்டாச்சு."

"குடிப்பீங்களா?"

"சேச்சே. குடிகாரனுங்களை வெச்சு மேய்ச்சே என் காலம் போயிருச்சு. நான் வேற குடிக்கோணுமா?"

ரேசர் அவருடைய இடது மார்பின் மேல் நின்றுவிட்டது. கெஸியா இருமினாள். ரேசர் மறுபடி நகர்ந்தது.

"எதுக்குங்க சார் இப்ப இந்த டெஸ்ட்டு?"

"கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டுல மேனேஜரா கூப்பிடறாங்க. பங்களா, ஜீப்பு, சமையக்காரன். வயசாயிருச்சில்ல, இருதயம் நல்லாருக்குதுன்னு டாக்டர் சொல்லோணுமாம். நான் ஏறாத மலையா? பேருக்கு ஒரு டெஸ்ட்டு."

"அப்ப இனிமே உங்களைத் துரைன்னுதான் கூப்பிடுவாங்க."

"கூப்பிட்டுத்தானே ஆகோணும்." அந்தச் சொல் அவருக்கு இனித்தது. முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த இரண்டு கண்களை அவர் சரியாகப் பார்க்கவில்லை.

டாக்டர் அருண்பிரசாத் வந்து பிபியைப் பார்த்தார், படுத்த நிலையில் எடுத்த ஈ.சி.ஜி.யைப் பார்த்தார், ஆரம்பிக்கச் சொன்னார். பெல்ட் ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் கேஷுவாலிட்டியிலிருந்து அவருக்குப் போன் வந்தது.

"கெஸியா, ஒரு எமர்ஜென்சி. கோடு ரெண்டு கட்டம் இறங்கிட்டா எனக்காகக் காத்திருக்க வேண்டாம், நிறுத்திடுங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

டிரெட்மில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தானே வேகத்தையும் சரிவையும் கூட்டிக்கொள்ளும். நடப்பவருடைய இதயத்துக்கு ரத்தம் போதவில்லையென்றால், திரையில் ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் வருகிற கோடு மெல்லக் கீழே இறங்கும். படிக்க வந்த முதல் வருடத்திலிருந்தே இந்துமதி அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்பா மேட்டில் ஏறிய அன்று அது எப்படி இருந்திருக்கும் என்று ஒவ்வொரு நோயாளியிடமும் பார்த்தாள்.

முதல் மேட்டை ஜெகதீசன் பேசிக்கொண்டே ஏறினார்.

"எந்த ஊரு அம்மிணி?"

"அரவேணுங்க சார்."

"அட, நம்ம பக்கம். யாரு ஊடு?"

"ஊடெல்லாம் இல்லீங்க, எஸ்டேட்டு லயம். பொன்னுத்துரை மக."

அவர் கால் அரை அடி பின்னுக்கு வழுக்கி, மறுபடி ஒட்டிக்கொண்டது.

"எந்தப் பொன்னுத்துரை?"

"பேருல துரை இருந்தா உக்காந்துக்கலாமா, நடிக்காத, ஏறுன்னு சொன்னீங்களே, அந்தப் பொன்னுத்துரை. கீழ் வரிசையில கொழுந்து எடுத்துட்டிருந்த எங்கம்மாவுக்குக் கேட்டுச்சு."

"இந்து" என்றாள் கெஸியா.

"பேச்சுக் குடுத்துட்டே நடக்க வைக்கணும்னு நீங்கதானேக்கா சொல்லிக் குடுத்தீங்க."

இரண்டாவது மேடு எழும்பியது. ஜெகதீசன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அது முடிஞ்சுபோன கதை அம்மிணி. உங்கப்பன் அன்னைக்குக் குடிச்சிருந்தான்."

"குடிச்சிருந்தாருங்களா?"

"ஊருக்கே தெரியும்."

"ஊருக்குச் சொன்னது நீங்கதானுங்களே."

கோடு ஒரு கட்டம் இறங்கியிருந்தது. கெஸியா பிபி பார்க்க வந்தபோது இருவருமே அதைக் கவனித்தார்கள்.

"நெஞ்சுல ஏதாவது பண்ணுதுங்களா சார்?" இந்துமதியின் குரலில் மரியாதை ஒரு இழைகூடக் குறையவில்லை.

"ஒண்ணுமில்ல."

"இறுக்கமா? அடைக்கற மாதிரி?"

"ஒண்ணுமில்லைங்கறேன்ல. உங்கப்பன் மாதிரின்னு நெனைச்சியா? ஏத்து."

வியர்வை அவருடைய புருவத்திலிருந்து சொட்டியது. ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்து மார்பைத் தேய்க்கப் போனவர், இந்துமதி பார்ப்பதைக் கண்டு மறுபடி கம்பியைப் பிடித்தார். வலிக்கிறது என்று சொன்னால் பங்களா போய்விடும். அதுவும் இவளிடம் போய் எப்படிச் சொல்வது.

"ரெண்டு கட்டம் வந்துருச்சு" என்றாள் கெஸியா. "நிறுத்து."

"அவரு ஒண்ணுமில்லைங்கறாருக்கா."

"அவரு சொல்றதை விடு, திரையைப் பாரு."

"பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

கெஸியா பெல்ட்டை நிறுத்தும் சிவப்பு பட்டனுக்குக் கை நீட்டினாள். அதற்கு முன்பே இந்துமதியின் உள்ளங்கை பட்டனை மூடிக்கொண்டிருந்தது.

"பைத்தியமாடி உனக்கு? உன் படிப்பு போயிரும்."

"போகட்டும்."

"செத்துடுவான்."

"எங்கப்பாவும் இப்படித்தானே ஏறினாரு. இவரு நடிக்கறாருக்கா. எங்கப்பாவுக்கு நடிக்கத் தெரியல, அதான் உள்ளதைச் சொல்லிட்டாரு. இவரு நல்லாருக்கற மாதிரி நடிக்கறாரு." அவள் ஜெகதீசனின் பக்கம் திரும்பினாள். "ஒரு வார்த்தைங்க சார். நெஞ்சு அடைக்குதுன்னு சொல்லுங்க, நிறுத்திடறேன்."

மூன்றாவது மேடு எழும்பியது. அவருடைய உதடு சாம்பல் நிறமாகிவிட்டது. கெஸியா இரண்டு கையாலும் இந்துமதியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை.

"அடைக்குது" என்றார் ஜெகதீசன். "அம்மிணி, அடைக்குது. நிறுத்து தாயி."

நடிக்காத, ஏறு. அந்த வார்த்தை இந்துமதியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனையோ வருடமாகப் பத்திரமாக வைத்திருந்த வார்த்தை. பட்டனை மூடியிருந்த உள்ளங்கை, அதைச் சொல்வதற்கு முன்பே கீழே அழுந்தியது.

பெல்ட் நின்றது. இருவருமாக அவரைத் தாங்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். கெஸியா நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தாள். இந்துமதி ஆக்சிஜன் மாட்டிவிட்டு, கோடு மேலே ஏறுகிறதா என்று பார்த்தபடி நின்றாள். மெதுவாக ஏறியது.

கெஸியா போன் செய்ததும் டாக்டர் மூச்சு வாங்க வந்தார். முதலில் நோயாளியை, பிறகு மெஷின் துப்பியிருந்த தாளைப் பார்த்தார்.

"எப்ப நிறுத்தினீங்க?"

"அடைக்குதுன்னு அவரு சொன்னதும் சார்" என்றாள் இந்துமதி.

"அதுக்கு ரொம்ப முன்னாடியே ரெண்டு கட்டம் இறங்கியிருக்கே. கெஸியா?"

கெஸியா வாயைத் திறப்பதற்குள் இந்துமதி முந்திக்கொண்டாள்.

"அக்கா நிறுத்தத்தான் சொன்னாங்க சார். நான்தான் நிறுத்தல."

டாக்டர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "உன் காலேஜுக்கு நான் பேசணும்."

"பேசுங்க சார்."

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. கோயம்புத்தூருக்குப் போயி இன்னைக்கே ஆஞ்சியோ பண்ணியாகணும். அவரோட வீட்டம்மாவை உள்ள விடுங்க."

மனைவி மஃப்ளரைக் கையில் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தார். "என்னங்க ஆச்சு? நல்லாத்தானே உள்ள வந்தீங்க?"

ஜெகதீசனுக்கு இப்போது நிறம் கொஞ்சம் திரும்பியிருந்தது. கையை மார்பில் வைத்துக்கொண்டார்.

"நெஞ்சு அடைக்குதுன்னு நான் மொதல்லயே சொன்னேன். இந்தப் பொண்ணு காதுலயே வாங்கல. நடிக்கறேன்னு நெனைச்சுட்டா."

"பொய்யி" என்றாள் கெஸியா. "அவரு அப்படிச் சொல்லவே—"

"இருங்கக்கா." இந்துமதி அவள் கையைப் பிடித்தாள். "அவரு சொல்லட்டும்."

"சொன்னனா இல்லியா?" என்றார் ஜெகதீசன், டாக்டரைப் பார்த்து. "எத்தனை வாட்டி சொன்னேன். கேட்டாளா?"

மனைவி இந்துமதியின் முன்னால் வந்து நின்றார். "ஏம்மா, ஒரு மனுசன் நெஞ்சு அடைக்குதுன்னு வாய்விட்டுச் சொல்றாரு. அதைக் கேக்காம ஏறு ஏறுன்னு ஏத்துவியா? அவரு செத்திருந்தா அது கொலைதானே? நீயெல்லாம் வெள்ளைக் கோட்டு மாட்டலாமா?"

"கொலைதானுங்கம்மா" என்றாள் இந்துமதி.

அவள் முகக்கவசத்தைக் கழற்றினாள். பொன்னுத்துரையின் அதே அகன்ற நெற்றி, அதே மூக்கு. கட்டிலின் பக்கமாகக் குனிந்தாள். ஜெகதீசன் முகத்தைத் திருப்பப் பார்த்தார். அந்தப் பக்கம் மனைவி நின்றார், இந்தப் பக்கம் டாக்டர்.

"அம்மா சொல்றது நெசந்தானுங்க சார், நெஞ்சு அடைக்குதுன்னு சொல்றவங்களை ஏத்தினா அது கொலைதான். எங்கப்பா உங்ககிட்ட அதே வார்த்தையைச் சொன்னாரே, அன்னைக்கு அவரு குடிச்சிருந்தாருங்களா?"