பதினைந்து பதில் சொல்கிறது

காலைக் கூட்டத்தில் என் குரல் துண்டுதுண்டாக வருகிறது என்று மேலாளர் சொன்னதும் எனக்கு முதல் சந்தேகம் பக்கத்து வீட்டுத் தேன்மொழி மேல்தான். எங்கள் வைஃபையை யாரோ உறிஞ்சுகிறார்கள். ஜொகூரின் கூலாய் நகரில் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனியின் கணினிக் கோளாறுகளைப் பார்ப்பவள் நான். இதைச் சும்மா விடுவேனா? கறுப்புத் திரையைத் திறந்து, இணைப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் கட்டளையை அடித்தேன். வீட்டுக் கருவி ஒவ்வொன்றுக்கும் நானே ஓர் எண் கொடுத்திருக்கிறேன். அந்நிய எண் ஒன்றும் இல்லை. ஆனால் பதினைந்து இருந்தது. அது என் கணவர் யுகேந்திரனின் போன்.

அவர் விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குக் கிளம்பிவிட்டார். பாலம் தாண்டிப் போகும் பலரைப் போல அவரிடமும் இரண்டு போன்கள். மலேசியப் போன் அக்கரையில் தோள்பைக்குள் தூங்கும். மறந்து வைத்துவிட்டாரோ என்று மெத்தைக்கடியில்கூடத் தேடினேன். இல்லை. பழைய தகவலாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அந்த எண்ணுக்குப் பிங் அடித்தேன். பிங் என்பது இருக்கிறாயா என்று கூப்பிட்டுப் பார்ப்பது, அவ்வளவுதான். பதில் வந்தது. இன்னொன்றும் வந்தது. அடுத்தது தவறியது. அப்படி விட்டுவிட்டு வந்தால் போன் நாலைந்து சுவர் தள்ளி இருக்கிறது என்று அர்த்தம்.

நாலைந்து சுவர் தள்ளி என்றால் தேன்மொழி வீடு. தனியாக இருக்கிறாள். காலையெல்லாம் வீட்டில்தான், வேலை பிற்பகல் ஷிப்டில். போன தீபாவளிக்கு முறுக்கு கொடுக்க வந்தவள் இவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கே இருக்கிறீர்கள் என்று அவருக்குச் செய்தி அனுப்பினேன். 'வேலையிலதான் லா. பிஸி' என்று உடனே வந்தது. கூட்டமாவது ஒன்றாவது என்று பின்கதவைத் திறந்துகொண்டு சந்துக்குப் போனேன்.

தேன்மொழி சமையலறை ஜன்னலோரம் தனியாக நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள் போலிருக்கிறது. கத்தியாலேயே சந்தின் கோடியைக் காட்டினாள்.

"ரொம்ப நாளா அங்கதான் உக்காந்திருக்காரு அக்கா. வேலை போயிருச்சாம். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு கெஞ்சுனாரு."

கோடியில், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியில், கம்பெனிச் சட்டையோடு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். கையில் அந்த மலேசியப் போன். வீட்டு இணைப்பை அது தானாகப் பிடித்துக்கொள்ளும் என்பது மனிதருக்குத் தோன்றவேயில்லை. லாயாங் லாயாங் ஊரிலிருக்கும் தன் அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் வானம் மட்டும் தெரியும்படி போனைத் தாழ்த்திப் பிடித்திருந்தார். சிங்கப்பூரில் மழையா என்று மாமியார் கேட்க, இல்லை, நல்ல வெயில் என்றார். குரலில் அப்படியொரு தெம்பு.

கேட்க வேண்டியதையெல்லாம் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"பின்னால யாருய்யா அது? நம்ம பிரவீனா மாதிரி இருக்கு" என்றார் மாமியார்.

அவர் திரும்பவில்லை. போன் திரையிலேயே என்னைப் பார்த்தார். போன் சாய்ந்தது, திரையில் வானம் சரிந்து கூரைகள் வந்தன.

நான் சட்டென்று விலகிச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன்.

"யாரும் இல்லம்மா" என்றார்.

வெயிலில் என் நிழல் அவர் காலடிவரை நீண்டு கிடந்தது. அதுவும் தெரிந்துவிடக் கூடாதென்று அப்படியே தரையில் குந்தினேன்.