எலிசபெத்தின் ஐந்து மாதம்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் நான்காம் ஞாயிறுக்குப் பிரசங்கம் தயாரிக்க உட்கார்ந்த போதகருக்கு, சனிக்கிழமை மதியமாகியும் முதல் வரி ஓடவில்லை. வேதபாட அட்டவணை மூன்று வருடத்துக்கு ஒருமுறை சுற்றி வரும். பழைய குறிப்பை எடுத்துத் தூசி தட்டி, இரண்டு உதாரணங்களை மாற்றிப் போடுவது அவர் வழக்கம். இந்தத் தடவை அந்தக் குறிப்பைத் தொடவே கை கூசியது.

பாடம் லூக்கா முதல் அதிகாரம். சகரியாவுக்கும் எலிசபெத்துக்கும் வயதான காலத்தில் பிள்ளை வரம் கிடைக்கும் பகுதி. போன சுற்றில் அவர் சொன்ன உதாரணம் சொந்த மகள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து அவள் முழுகாமல் இருந்தாள், மூன்றாம் மாதம். "எலிசபெத்தை நினைத்த தேவன் எங்க வீட்டையும் மறக்கல" என்று பீடத்தில் நின்று சொல்லிவிட்டார். சபையே கண் கலங்கியது. அடுத்த மாதமே கரு கலைந்துவிட்டது. எல்லோருக்கும் நல்ல சேதி சொன்னவர் அவர். ஒவ்வொருவரிடமும் இல்லையென்று சொல்ல வேண்டி வந்தது அவளுக்கு. அதற்குப் பின் அவள் அந்தக் கோயில் படி ஏறவில்லை.

இரண்டு நாள் இருந்துவிட்டுப் போக வந்திருந்த மகள் காப்பியோடு உள்ளே வந்தாள்.

"என்னப்பா, மேலேருந்து இன்னும் ஒண்ணும் இறங்கலியா?"

"தூக்கம்தான் இறங்குது."

சிரித்தவள் விரித்திருந்த பக்கத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"பக்கத்து சபை ஐயாவ வரச் சொல்லலாமான்னு பாக்குறேன்" என்றார் அவசரமாக. "நாளைக்கு நீ கோயிலுக்கு வரணும்மா. நான் ஏதாவது பேசி, மறுபடி நீ..."

"இந்தப் பாடத்த எத்தனை தடவ பேசியிருப்பீங்க?"

"பத்துக்குக் குறையாது."

"இருபத்திநாலாம் வசனம்?"

பார்த்தார். கர்ப்பமான எலிசபெத் ஐந்து மாதம் வெளியே தலைகாட்டாமல் இருந்தாள் என்றிருந்தது. அடுத்து வரும் மரியாளின் கதைக்குப் போய்ச் சேரும் அவசரத்தில் முப்பது வருடமாக அவர் தாண்டிப்போன வசனம்.

"அவளுக்கு அஞ்சு மாசம் கிடைச்சுதுப்பா. எனக்கு மூணாம் மாசமே மைக் வச்சிட்டீங்க."

நெஞ்சில் தைத்தது. ஆனால் மனதில் தைக்கிற எதையும் உடனே குறித்து வைப்பது பழகிய கை. அது பாட்டுக்குப் பேனாவை எடுத்து '24' என்று எழுதிவிட்டது.

"எழுதாதீங்கப்பா" என்றாள் மகள் மெதுவாக. "அதையும் பிரசங்கமாக்கிடாதீங்க."

அவர் எழுதியதை அடித்தார். காகிதம் கிழியும் வரை அடித்தார். "மன்னிச்சிடும்மா."

"காப்பி ஆறுது" என்றுவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிறன்று சகரியா ஆலயத்தில் தூபம் காட்டிய பணியைப் பற்றி மட்டும் பேசினார். பன்னிரண்டு நிமிடம். வீடு, பிள்ளை, சாட்சி எதுவும் இல்லை.

"என்ன ஐயா, இன்னிக்கு உப்பு சப்பில்லாம முடிச்சிட்டீங்க? உடம்பு முடியலியா?" என்றார் மணியடிப்பவர்.

"நாக்குதான் கொஞ்சம் சரியில்ல."

வீட்டுக்கு வந்தபோது மகள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா போயிட்டு வர்ற?"

"கோயிலுக்குத்தான். பக்கவாட்டுக் கதவுக்கு வெளிய நின்னு முழுசும் கேட்டேன்."

"உள்ள வந்திருக்கலாமேம்மா. அம்மா பக்கத்துல இடம் இருந்துச்சே."

"உள்ள வந்தா எல்லாரும் முதல்ல என் வயித்தப் பாப்பாங்கப்பா."

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார்.